புதுக் கணிப்பொறியும் இருண்ட திரையும்

நமது சங்கங்களின் கணக்குகள் பேரேட்டை விட்டுக் கணிப்பொறிக்கு மாறிவருகின்றன. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்கும் பொருட்டு 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் அளித்ததை அங்கத்தினர்கள் அறிவர். அத்திட்டத்தின் வழியே வந்த யந்திரங்கள் ஒருபுறமிருக்க, சங்கத்தின் சொந்த நிதியிலிருந்து உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி, உள்ளூரிலேயே பூட்டி அமைத்துக்கொள்ளும் யந்திரங்களும் உண்டு. இம்முறையில் சிக்கனம் இருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. பின்னாளில் ஓர் உறுப்பு பழுதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளவும் இயலும்.

ஆயினும் இதில் ஒரு சங்கடமும் உண்டு. முழு யந்திரமாக வாங்கினால் விற்றவர் ஒருவரே அனைத்துக்கும் பொறுப்பு. உறுப்புகளாக வாங்கினாலோ பொறுப்பும் உறுப்புகளைப் போலவே சிதறிவிடுகிறது. பூட்டி முடித்து ஸ்விட்சை அழுத்துகிறோம். விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் ஒன்றும் தோன்றுவதில்லை. போர்டு விற்றவர் பிராசஸரைக் குறை கூறுவார். பிராசஸர் விற்றவர் போர்டைக் குறை கூறுவார். இடையில் நிற்கும் காரியதரிசி, கூலிப் பட்டுவாடாவுக்கு நாள் நெருங்குவதை எண்ணி, ஏதேனும் ஒன்றைப் புதிதாக வாங்கிப் பார்த்துவிடலாம் என்று துணிகிறார். நல்ல நிலையில் இருந்த ஓர் உறுப்புக்கு இரண்டாம் முறையாகப் பணம் கொடுக்க நேருவது இவ்வாறுதான். அப்பணம் அங்கத்தினர்களின் பங்குத்தொகையிலிருந்து செல்வது. தணிக்கையில் அதற்குக் கேள்வி எழுந்தால் விடை கூறுவதும் எளிதன்று. ஆகையால் திரை இருண்டிருக்கையில் எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். ஒரு பைசாவும் செலவின்றிச் செய்யத்தக்க சோதனைகள் யாவும் முடியும் வரை எதையும் வாங்கலாகாது என்பதே இவ்விஷயத்தில் நமது கருத்து.

கிணற்று மோட்டார் ஓடியும் நீர் ஏறாவிட்டால், உழவர் எவரும் உடனே புது மோட்டார் வாங்கப் புறப்படுவதில்லை. புட்வால்வு நீரைத் தாங்குகிறதா, உறிஞ்சு குழாயில் காற்று புகுகிறதா என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்து வருகின்றனர். மிதியை மிதித்தும் பாவு பிரிந்து வழிவிடாத தறியின் முன் நெசவாளரும் அவ்வாறே மிதி, கயிறு, விழுது என்று தடம் பற்றிச் செல்கிறார். கணிப்பொறிக்கும் இதே முறை பொருந்தும். நெசவாளர்களுக்கு இது அந்நிய யந்திரமும் அன்று. 1804-இல் பிரான்சு தேசத்து லியோன் நகரத்தில் ஜக்கார்டு அமைத்த தறியின் துளையிட்ட அட்டைகளைக் கண்டே, இங்கிலாந்தின் பாபேஜ் 1830-களில் தமது கணிக்கும் யந்திரத்திற்கும் அட்டைகளை உபயோகிக்கத் திட்டமிட்டார். ஜக்கார்டுப் பெட்டியில் ஓர் அட்டை பிசகினால் பூவேலை எங்கே பிறழ்கிறது என்று கண்டுபிடிப்பவருக்கு இந்த ஆராய்ச்சி கடினமாக இராது.

ஸ்விட்சை அழுத்தியவுடன் கணிப்பொறி முதலில் தன்னைத்தானே பரிசோதித்துக்கொள்கிறது. போர்டில் பதிந்துள்ள பயாஸ் என்னும் சிறு நிரல், பிராசஸர் விழித்ததா, ராம் பதில் கூறுகிறதா, படம் காட்டும் உறுப்பு இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்கிறது. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட மேசைக் கணிப்பொறியிலேயே இச்சோதனை இருந்தது. எல்லாம் சரியாயின் அது ஒரு முறை குறுகிய ஒலி எழுப்பும். படம் காட்டும் உறுப்பில் கோளாறாயின் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் எழுப்பும். திரையில் எழுத்துத் தோன்றுவது இச்சோதனையில் பெரும்பகுதி கடந்த பின்னரே என்பதை மனத்திற்கொள்ள வேண்டும். விசிறி சுழல்வது மின்சாரம் வந்ததற்கு மட்டுமே சாட்சி. யந்திரம் நலமாக இருப்பதற்கோ கெட்டுப்போனதற்கோ அதைச் சாட்சியாகக் கொள்ளலாகாது.

சோதனையை யந்திரத்திற்கு வெளியே தொடங்குதல் நலம். மானிட்டருக்குத் தனி மின்சாரம் வருகிறதா? அதில் ஹெச்.டி.எம்.ஐ., வி.ஜி.ஏ., டிஸ்ப்ளே போர்ட் எனப் பல வழிகள் இருப்பின், நாம் கேபிளைச் செருகிய வழியையே அது தேர்ந்திருக்கிறதா? இதே மானிட்டரும் கேபிளும் அலுவலகத்திலுள்ள பழைய யந்திரத்தில் படம் காட்டுகின்றனவா? இவ்வளவும் ஐந்து நிமிஷ வேலை. பல சங்கங்களில் பழைய வி.ஜி.ஏ. மானிட்டரையே புது யந்திரத்திற்கும் வைத்துக்கொள்கின்றனர். இது பாராட்டத்தக்க சிக்கனமே. ஆனால் புது கிராபிக்ஸ் கார்டுகளில் வி.ஜி.ஏ. வழி இருப்பதில்லை. முனையின் வடிவத்தை மட்டும் மாற்றும் மலிவான இணைப்பான் இங்கே பயன்படாது. உள்ளே மின்சுற்று அமைந்து குறிகையையே மாற்றித் தரும் கன்வெர்ட்டர் வேண்டும். அதுவும் சில வேளை தொடக்கத் திரையைக் காட்டத் தவறுவதுண்டு. ஆகவே முதற்சோதனைக்கு ஹெச்.டி.எம்.ஐ. உள்ள டெலிவிஷன் பெட்டி ஒன்றை யாரிடமேனும் இரவல் பெற்று நேரே இணைத்துப் பார்ப்பது உத்தமம்.

இனி, நாம் கண்டவரை மிகுதியானோரைத் தடுமாறச் செய்யும் இடத்திற்கு வருகிறோம். எல்லாப் பிராசஸர்களும் தாமே படம் காட்டும் ஆற்றல் உடையவை அல்ல. இன்டெல் நிறுவனத்தின் ஐ5-12400 என்பதற்குள் படம் காட்டும் பகுதி உண்டு. ஐ5-12400எஃப் என்பதற்குள் அது இல்லை. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி என்பதற்குள் உண்டு. ரைசன் 5 5600 என்பதற்குள் இல்லை. பெயரின் ஈற்றிலுள்ள ஒரே எழுத்தில் வேற்றுமை அடங்கியிருக்கிறது. விலையோ அவ்வெழுத்துக்கேற்பக் குறைகிறது. போர்டின் பின்புறத்தில் ஹெச்.டி.எம்.ஐ. துளை இருப்பதைக் கண்டு அதில் கேபிளைச் செருகுகின்றனர். பிராசஸருக்குள் படம் காட்டும் பகுதி இல்லையேல் அத்துளை வெறும் துளையே.

ஒரு நெசவாளர் சங்கத்தில் இதை நாம் நேரில் கண்டோம். வாரக் கூலிச் சீட்டு அச்சிடுவதற்கும், சேலைக் கரை டிசைன்களைக் கட்டத்தாளில் வரைவதற்கும் ஒரு யந்திரம் அமைத்திருந்தனர். அங்கத்தினர் ஒருவரின் மகன் டிப்ளமா படித்தவர். பூட்டும் வேலையை அவர் ஒழுங்காகவே செய்திருந்தார். மாவட்டத் தலைநகரில் இரண்டு கடைகளில் உறுப்புகள் வாங்கப்பட்டன. திரை இருண்டே இருந்தது. இரு கடைக்காரரும் ஒருவரையொருவர் சுட்டினர். பத்து நாட்கள் இவ்வாறு கழிந்தபின், புது போர்டு வாங்குவதற்கு நிர்வாகக் குழுவில் தீர்மானமும் எழுதப்பட்டுவிட்டது. பிராசஸர் வந்த அட்டைப் பெட்டியை எடுத்துவரச் செய்து பார்த்தோம். 12400 என்னும் எண்ணை அடுத்து அந்த எஃப் எழுத்து அச்சிடப்பட்டிருந்தது. போர்டும் பழுதன்று, பிராசஸரும் பழுதன்று. கூலிச் சீட்டுக்கும் கட்டத்தாளுக்கும் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை என்று முடிவு செய்து, வேற்றுமைத் தொகை செலுத்திப் பிராசஸரை மாற்றிக்கொண்டனர். தீர்மானம் ரத்துச் செய்யப்பட்டது. பழுதில்லாத இரண்டு உறுப்புகளின் பேரில் பத்து நாட்கள் பூசல் நடந்ததை எண்ணினால் வியப்பாகவே இருக்கிறது. அக்கடைகளில் ஒன்றிலேனும் விற்கும்போதே ஒரு சொல் கூறியிருக்கலாம்.

கிராபிக்ஸ் கார்டு பொருத்திய யந்திரமாயின் கேபிளைக் கார்டிலேயே செருக வேண்டும். பிராசஸருக்குள் படம் காட்டும் பகுதி இருந்தாலும், கார்டு வந்தவுடன் பல போர்டுகள் தம் சொந்த வழியை மூடிவிடுகின்றன. பெரிய கார்டுகளுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனியாக ஆறு அல்லது எட்டு முனைக் கம்பி தேவைப்படும். அது விடுபட்டாலும் படம் வராது.

அடுத்து யந்திரத்தின் உள்ளே செல்வோம். அதற்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுக் கேபினெட்டின் உலோகப் பகுதியை ஒரு முறை தொடுதல் வேண்டும். உடலில் தங்கிய நிலைமின்சாரம் அதன் வழியே விலகும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உறையை எக்காரணத்தைக் கொண்டும் திறத்தல் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அதனுள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். மேலும், நூல் சுற்றும் கூடத்திலோ பஞ்சுப் பொதி உள்ள அறையிலோ வைத்து யந்திரத்தைப் பூட்ட வேண்டாம். பறக்கும் துகள் சாக்கெட்டிலும் விசிறியிலும் படியும்.

போர்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து இரண்டு கம்பித் தொகுதிகள் வருகின்றன. 24 முனைகள் கொண்ட பெரிய தொகுதியை எவரும் மறப்பதில்லை. பிராசஸருக்கென்றே போர்டின் மேல் மூலையில் 4 அல்லது 8 முனைகள் கொண்ட வேறொரு துளை உண்டு. அது ஹீட் சிங்கின் மறைவில் இருப்பதால் பலர் கவனிப்பதில்லை. இது விடுபட்டால் விசிறிகள் சுழலும், விளக்குகள் எரியும், பிராசஸர் மட்டும் விழிக்காது. கிராபிக்ஸ் கார்டின் எட்டு முனைக் கம்பியும் தோற்றத்தில் இதைப் போன்றதே. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வலிந்து திணிக்கலாகாது. விசிறியே சுழலவில்லையெனில் கேபினெட்டின் ஸ்விட்சிலிருந்து வரும் மெல்லிய கம்பி சரியான ஊசிகளில் செருகப்பட்டிருக்கிறதா என்றும், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புற ஸ்விட்ச் போடப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்தல் போதும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரைக்குள் தர வேண்டும்; மல்ட்டிமீட்டர் உள்ள எலக்ட்ரீஷியன் எவரும் இதை அளந்து கூறுவார்.

ராமைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. புது யந்திரத்தில் திரை இருளுவதற்கு முறையாக அமராத ராம் மிகச் சாதாரணமான காரணம். பட்டையின் இரு ஓரங்களையும் கட்டை விரல்களால் அழுத்தினால், தாழ் தானே ‘க்ளிக்’ என்று மூடிக்கொள்ள வேண்டும். புதியவர்கள் போர்டு உடைந்துவிடுமோ என்று அஞ்சிப் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். கண்ணுக்கு அமர்ந்ததாகவே தோன்றும். நான்கு இடங்கள் உள்ள போர்டில் ஒரே பட்டையாயின் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாம் இடத்திலும், இரு பட்டைகளாயின் இரண்டிலும் நான்கிலும் இடுவது பெரும்பாலான போர்டுகளின் வழக்கம். உறுதிக்குக் கையேட்டைப் பார்க்க. இரு பட்டைகள் இருப்பின் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துச் சோதிக்கலாம். பின்னர் மற்றதை மட்டும் வைத்துச் சோதிக்கலாம். ஒன்றில் படம் வந்து மற்றொன்றில் வராவிடில் குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

டி.டி.ஆர்.5 வகை ராம் உள்ள யந்திரங்களில் இன்னொரு விஷயம் கவனிக்கற்பாலது. முதன் முதலாக ஸ்விட்ச் போடும்பொழுது, போர்டு அந்த ராமுக்கேற்பத் தன்னைச் சரிசெய்து பழக்கிக்கொள்கிறது. அதுவரை திரை இருண்டே இருக்கும். சில யந்திரங்களில் இதற்குப் பல நிமிஷங்கள் பிடிக்கின்றன. 2022 செப்டம்பரில் வெளிவந்த ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 வகை போர்டுகள் இதில் பெயர் பெற்றவை. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ஸ்விட்சை அணைப்பவர் வேலையை மீண்டும் முதலிலிருந்து தொடங்கச் செய்கிறார். கால் மணி நேரம் காத்திருந்து பார்த்த பின்னரே அடுத்த சோதனைக்குச் செல்க.

இக்காலத்துப் போர்டுகள் பலவற்றில் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் இருக்கும். சி.பி.யு., டி.ராம், வி.ஜி.ஏ., பூட் என்று அவற்றின் அருகே பொறித்திருப்பர். சோதனை எந்த இடத்தில் தடைப்பட்டதோ அந்த விளக்கு அணையாமல் நிற்கும். அது டி.ராம் எனில் ராமையும், வி.ஜி.ஏ. எனில் மேலே கூறிய கார்டு, பிராசஸர் எழுத்து, கேபிள் ஆகியவற்றையும் பார்க்க. பூட் விளக்கு மட்டும் எரிந்தால் மகிழலாம். யந்திரம் நலம், இயங்குதளம் உள்ள டிஸ்க்கைத்தான் அது தேடுகிறது. விலை மலிந்த போர்டில் விளக்குகள் இல்லையேல், ஐம்பது ரூபாய்க்கும் உட்பட்ட ஒரு சிறு ஸ்பீக்கரை அதற்குரிய ஊசிகளில் செருகி ஒலியைக் கேட்கலாம். ஒலிகளின் பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். கையேட்டில் விளக்கம் இருக்கும். ராம் முழுவதையும் கழற்றிவிட்டு ஸ்விட்ச் போட்டுப் பார்ப்பதும் ஒரு நல்ல சோதனை. அப்பொழுது யந்திரம் ஒலியெழுப்பி முறையிடுமாயின், போர்டும் பிராசஸரும் பேசும் நிலையில் உள்ளன என்று கொள்ளலாம்.

போர்டு பழையதாகவும் பிராசஸர் அதற்குப் பிற்பட்டதாகவும் இருக்கும் கேடு ஒன்று உண்டு. 2018-இல் வெளிவந்த பி450 போர்டில் 2020 நவம்பரில் வெளிவந்த ரைசன் 5000 வரிசைப் பிராசஸரை இடுகிறோம் என்று கொள்வோம். சாக்கெட் பொருந்தும், ஆனால் கடையில் நெடுநாள் கிடந்த போர்டின் பயாஸ் அப்பிராசஸரை அறியாது. பயாஸைப் புதுப்பித்தால் அறியும். சில போர்டுகளில் பிராசஸர் இல்லாமலேயே ஒரு யு.எஸ்.பி. பென் டிரைவைக் கொண்டு புதுப்பிக்கும் பொத்தான் அமைந்திருக்கிறது; இல்லாதவற்றைக் கடைக்கே எடுத்துச்சென்று பழைய பிராசஸர் ஒன்றை இட்டுப் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும். புதுப்பிக்கையில் மின்சாரம் தடைப்பட்டால் போர்டே வீணாகிவிடக் கூடுமாகையால், யு.பி.எஸ். இன்றி இவ்வேலையில் இறங்கலாகாது. பயாஸில் ஏதேனும் பிழையான அமைப்புப் பதிந்துவிட்டது என்ற ஐயம் இருப்பின், மின்சாரத்தை நீக்கி, போர்டிலுள்ள வட்டமான 3 வோல்ட் பாட்டரியைச் சில நிமிஷம் கழற்றி வைத்து மீண்டும் இட்டால் எல்லாம் தொடக்க நிலைக்குத் திரும்பும்.

இவ்வளவுக்கும் பின்னும் திரை இருண்டிருப்பின், போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து அதன் அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, பிராசஸர், அதன் விசிறி, ஒரே ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ். ஆகியவற்றை மட்டும் இணைத்துப் பார்க்க வேண்டும். ஸ்விட்சுக்குப் பதில் அதற்குரிய இரண்டு ஊசிகளை ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் போதும். இங்கே படம் வந்துவிட்டால் குற்றம் கேபினெட்டில் இருக்கிறது. போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்களில் ஒன்று துளையில்லாத இடத்தில் நின்று போர்டின் அடிப்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அல்லது தவறி விழுந்த திருகாணி ஒன்று அடியில் கிடக்கும். படம் வராவிடில் கடைசியாகப் பிராசஸரைக் கழற்றிச் சாக்கெட்டை நல்ல வெளிச்சத்தில் பார்க்க. இன்டெலின் எல்.ஜி.ஏ.1700 சாக்கெட்டில் 1,700 தொடுமுனைகள் மயிரிழை போல் நிற்கின்றன. அவற்றில் ஒன்று வளைந்தாலும் ராமின் ஒரு பகுதியோ யந்திரம் முழுவதுமோ செயலற்றுப் போகலாம். மீண்டும் பூட்டும்பொழுது பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக இடுதல் வேண்டும்.

எந்தச் சோதனையிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. மாற்றியதையும் கண்டதையும் ஒரு நோட்டில் தேதியுடன் குறித்து வைப்பது அவசியம். கடைக்காரர்களிடம் பேசும்பொழுது அந்த நோட்டு வாதத்தை விட வலிமையுடையது. இந்த ராம் பழைய யந்திரத்தில் நலமாக ஓடிற்று, இந்த எஸ்.எம்.பி.எஸ். 12.1 வோல்ட் தருகிறது, எஞ்சியது போர்டும் பிராசஸரும்தான் என்று கூறும் காரியதரிசியை எளிதில் திருப்பி அனுப்ப இயலாது. அவ்விரண்டையும் ஒரே கடையில் வாங்கியிருந்தால் மறுபேச்சே இராது. ஆகவே போர்டையும் பிராசஸரையும் மட்டுமேனும் ஒரே கடையில் வாங்கி, விற்பவர் முன்னிலையிலேயே ஒரு முறை திரையில் எழுத்து வரக் கண்டு எடுத்துவருமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம். பில் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். உறுப்புகளின் வரிசை எண்களும் அதில் இடம்பெற வேண்டும். பெட்டிகளையும், சாக்கெட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் மூடியையும் உத்தரவாதக் காலம் முடியும் வரை எறிந்துவிடலாகாது. மூடியின்றித் திரும்ப வரும் போர்டைத் தயாரிப்பாளர்கள் ஏற்க மறுப்பதுண்டு. வளைந்த ஊசிக்கு உத்தரவாதம் கிடையாது என்பதையும் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

திரையில் முதல் எழுத்துத் தோன்றியவுடன் பேரேட்டை ஏற்றிவிட வேண்டாம். ராம் முழு அளவும் காட்டப்படுகிறதா, பிராசஸரின் வெப்பம் அடங்கியிருக்கிறதா என்று பயாஸ் திரையிலேயே பார்த்துக்கொண்டு, ஓர் இரவும் பகலும் யந்திரத்தை வேலையின்றி ஓடவிடலாம். பழைய யந்திரத்தின் டிஸ்க்கைச் சோதனைக்கென்று கழற்றிப் புதியதில் மாட்டுவது வேண்டவே வேண்டாம். கணக்கின் ஒரே பிரதி அதில்தான் இருக்கும். குறைந்தது ஒரு மாதம் இரண்டிலும் கணக்கு எழுதி, கூலிச் சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பழையதை ஓய்வுக்கு அனுப்பலாம். பாட்டரியைக் கழற்றி இட்ட யந்திரமாயின் தேதியும் மணியும் பின்னுக்குச் சென்றிருக்கும். முதல் வவுச்சரைப் பதியுமுன் அதைத் திருத்திக்கொள்க.